ஆலங்கட்டிக்கு ஊதிய சங்கு

சிவப்புப் பொத்தானின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. அழுத்துவதா, வேண்டாமா என்று தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக என்னவோ கொட்டிக்கொண்டிருந்தது. ஜல்லி லாரியை எங்கள் கூரைமேல் கவிழ்த்துவிட்ட மாதிரி சத்தம். பங்குனி மாசம். காலையிலிருந்து தார் ரோடு இளகிக் கிடந்தது. அந்த ரோட்டில் வெள்ளையாக விழுந்தது ஒவ்வொன்றும் துள்ளி உருண்டு நின்றது. நின்ற இடத்திலிருந்து புகை கிளம்பியது.

புகை என்றுதான் நினைத்தேன். சூடான ரோட்டிலிருந்து எழும்பிய ஆவி அது என்று இன்று சொல்லலாம். அன்றைக்கு அந்த அறையில் நான் ஒற்றை ஆளாக நின்றேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகரம் அடிக்கும் கம்பெனி ஒன்றில் டைம் ஆபீஸ் ஹெல்பராகச் சேர்ந்ததைப் போன வாரம் சொன்னேன். கார்டு அடுக்குவது, கேட் பாஸ் எடுத்து வைப்பது, ஷிப்டுக்கு ஷிப்ட் சங்கு ஊதுவது, இதுதான் என் வேலை. வாயால் ஊதுகிற சங்கு இல்லை. பொத்தானை அழுத்தினால் கூரைமேல் இருக்கிற சைரன் கத்தும். ஆனால் அக்கம்பக்கத்தில் யாரும் சைரன் என்று சொன்னதில்லை. "பன்னெண்டு மணி சங்கு ஊதிடுச்சு, இன்னும் உலை வைக்கலையா" என்றுதான் பேசுவார்கள்.

ஒரே மூச்சாக நீளமாக ஊதினால் ஷிப்ட். விட்டு விட்டு ஊதினால் ஆபத்து, எல்லோரும் வெளியே ஓட வேண்டும். ஆபத்து தீர்ந்ததும் மறுபடி ஒரே மூச்சாக, வழக்கத்தைவிட நீளமாக ஊத வேண்டும். "ஒண்ணுமில்ல, திரும்பி வாங்க" என்று அதற்கு அர்த்தம்.

விட்டு விட்டு ஊதுகிற சங்கை டிரில் அன்றைக்குத் தவிர நான் ஊதியதே இல்லை.

வெள்ளை என்றால் பயம்

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருப்பேன், வியர்வையில் எழுத்து அழிந்துவிடும். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பதால், எனக்குத் தெரியாதது எல்லாமே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. அதனாலேயே யாராவது ஒன்று சொன்னால் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொள்வேன்.

எங்கள் கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன கெமிக்கல் யூனிட். ஒரு நாள் அங்கே லோடு இறக்கும்போது மூட்டை ஒன்று பிரிந்து, வெள்ளையாகச் சில்லுச் சில்லாக என்னமோ கொட்டியது. பார்த்தால் கல் உப்பு மாதிரி. லோடு மேன் ஒருவர் வியர்த்த கையால் அதை அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, எங்கள் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அதற்கு முன்னால்தான் வடக்கே ஓர் ஊரில் விஷவாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் எழுந்திருக்காமலே போன செய்தி வந்திருந்தது. டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். நான் கிளாஸைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

அதன் பிறகுதான் கம்பெனியில் டிரில் வந்தது. மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். சந்தேகமாக எது விழுந்தாலும் கையால் தொடாதே. ஈரத்துணியை மூக்கில் கட்டு. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துப் போ, வாயு உன் பின்னாலே போய்விடும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கேன்டீனுக்குப் போனதும் மறந்தார்கள். நான் அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கி, அதில் துண்டை ஊறப்போட்டு டைம் ஆபீஸ் மூலையில் வைத்தேன். தினமும் தண்ணீர் மாற்றுவேன். பிரஸ் ஓட்டும் தேவராஜ், என் சிநேகிதன், அதற்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"இன்னா ஈரத்துண்டு, இன்னிக்கு கேஸ் வருமா வராதா? வரும்னா சொல்லு மச்சான், நான் சோறு துன்னுட்டு சாவறேன்."

கம்பெனி முழுக்க நான் ஈரத்துண்டுதான்.

வீட்டில் ஒரு டிரில்

என்னைப் பார்த்துச் சிரிக்காதவள் ஒருத்திதான். என் மனைவி கன்னியம்மா. எனக்கு அக்கா மகள், அதனால் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

எங்கள் வீடு அயனம்பாக்கத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெரு. காற்று வாட்டமாக இருந்தால் எங்கள் கம்பெனிச் சங்கு அங்கே நன்றாகக் கேட்கும். டிரில் முடிந்த அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டிலும் ஒரு வாளி, அதில் இரண்டு துண்டு.

"விட்டு விட்டு ஊதினா அடுப்ப அணை. எதையும் எடுக்காத. ஈரத்துண்ட மூக்குல கட்டிக்கினு, காத்து மூஞ்சில அடிக்கிற பக்கமா போய்கினே இரு. நான் வந்து கண்டுபுடிச்சுக்குறேன்."

"தெருவுல மத்தவங்க?"

"அவங்களுக்கும் சொல்லு."

"சரி மாமா," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது அவள் மாசமாக இல்லை.

இதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. முதல் தடவை மூன்றாம் மாசம். இரண்டாவது தடவை ஏழாம் மாசம் வரைக்கும் நன்றாக வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு வளைகாப்பு போட்டோம். அவள் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். நடந்தால் தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பதினோரு நாள்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதற்காக நர்ஸ் ஒவ்வொன்றாகக் கழற்றியபோது நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை ஒன்பதாம் மாசம் தொடங்கிவிட்டது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குடம் தூக்கக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது, கிணற்றடிக்குக்கூடப் போகக் கூடாது. எதிர்வீட்டு எல்லம்மா அக்கா மாசாமாசம் வளைகாப்பு பற்றிக் கேட்டார். நான் ஏதாவது சாக்குச் சொன்னேன். கன்னியம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அஞ்சு வளையலாவது போட்டுக்கவா மாமா?"

"பொறந்தப்புறம் பாத்துக்கலாம்," என்றேன்.

அவள் உள்ளே போனாள். மொட்டைக் கையோடு முறத்தில் அரிசி புடைத்தாள்.

டிரில் விஷயமும் மனசில் இருந்தது. இவ்வளவு வயிற்றோடு அவள் நடக்கலாமா கூடாதா? நடந்தாலும் ஆபத்து, நடக்காவிட்டாலும் ஆபத்து. எனக்கே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதனால் சொன்னதை மாற்றாமலே விட்டுவிட்டேன். கவலைப்படுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் யோசிப்பான், முக்கியமானதை மட்டும் நாளைக்கு என்று தள்ளுவான்.

அழுத்தினேன்

பொத்தானுக்கு வருகிறேன்.

ஐஸ் எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சர்பத் கடையில் மரத்தூளுக்குள் புதைத்து, சாக்கு போட்டு மூடி வைத்திருக்கும் பாளம்தான் ஐஸ். அது வானத்திலிருந்து விழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எட்டாவதில் சொல்லிக்கொடுத்தார்களோ என்னமோ.

எடுத்துப் பார்த்திருக்கலாமே? தொடாதே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நான் தொடவில்லை.

மேற்கே இருந்து பேய்க்காற்று. பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து யூனிட் பக்கமிருந்து, எப்போதும் வருகிற நெடிதான், அன்று கொஞ்சம் தூக்கலாக வந்த மாதிரி இருந்தது. வெள்ளைச் சில்லு. வெள்ளைப் புகை. வாளிக்குள் கையை விட்டுக் கத்திய அந்த லோடு மேன் ஞாபகம் வந்தார்.

அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். விட்டேன்.

நாலாவது தடவை அழுத்தும்போது பக்கத்துக் கம்பெனியிலும் விட்டு விட்டு ஊதத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. எங்கே என்ன என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தன் ஊதினான், நாமும் ஊதுவோம் என்று எஸ்டேட்டே ஊதியது.

ஷெட்டுக்குள்ளிருந்து ஆட்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். டிரில்லில் சிரித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் சட்டையைக் கழற்றிக் குழாயில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார்கள். காற்று அடிக்கும் பக்கம் பார்த்துத்தான் ஓட வேண்டும். ஆலங்கட்டியும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. நேராக மூஞ்சியில். கேன்டீனில் வேலை செய்யும் அம்மா ஒருவர் வெறும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் துண்டை அவருக்குக் கொடுத்தேன்.

கேட்டில் நின்றவர் எங்கள் செக்யூரிட்டி ஆபீசர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், சுபேதார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும் ஓடவில்லை. குனிந்து ஒன்றைப் பொறுக்கினார். பார்த்தார். வாயில் போட்டுக் கடுக்முடுக்கென்று கடித்தார்.

"அய்யோ சார்! துப்புங்க சார்!" என்று கத்தினேன்.

"டேய் கோதண்டம், ஐஸுடா இது! ஆலங்கட்டி! காஷ்மீர்ல இதுமேல படுத்துத் தூங்கினவன்டா நான்!"

ரோட்டில் அத்தனை பேரும் நின்றார்கள். மூக்கில் கட்டிய ஈரச்சட்டையோடு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேவராஜ் மெதுவாக மூக்கிலிருந்து துணியை இறக்கினான். அவன் நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது.

"ஈரத்துண்டு," என்றான், "உன்ன நம்பி ஓடி வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். எனக்கும் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அயனம்பாக்கம் ஞாபகம் வந்தது.

அவள் சங்கைக் கேட்டிருப்பாள். அடுப்பை அணைத்திருப்பாள். கிளம்பியிருப்பாள்.

டைம் ஆபீசுக்கு ஓடினேன். நீளச் சங்கு ஊதிவிட்டால் திரும்பி வந்துவிடுவாள். பொத்தானை அழுத்தினேன். சத்தம் இல்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். தலைக்கு மேலே டியூப் லைட்டும் அணைந்திருந்தது, மின்விசிறியும் நின்றிருந்தது. அம்பத்தூர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

ஓடு என்று சொன்ன சங்கால் திரும்பி வா என்று சொல்ல முடியவில்லை.

நடுவில் ஒரு விஷயம்

வேலை போனதா என்று நீங்கள் நினைப்பீர்கள். பெரிய கதை இல்லை, இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கணக்கை முடித்து அனுப்பிவிடுவார் என்று, காலையிலேயே வாளியைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

"ஒரு வருஷமா டிரில் நடத்தறோம். ஒரு தடவையாவது ஷெட் முழுசா காலியாயிருக்கா?"

"இல்ல சார்."

"நேத்து எவ்ளோ நேரத்துல காலியாச்சு தெரியுமா?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல. நானும் ஓடிட்டு இருந்தேன்." அவர் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "அடுத்த தடவை சந்தேகமா இருந்தாலும் ஊது. ஆனா முன்னாடி என்னை ஒரு சத்தம் கூப்பிடு."

வாளியைத் திரும்பவும் மூலையில் வைத்தேன். அந்த வாரமே தேவராஜ் தனக்கென்று ஒரு வாளி கொண்டுவந்து, அதைப் பிரஸ்ஸுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வைத்தான். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டு துண்டு

சைக்கிளை எடுத்தேன். ரோடு ரோடாக இல்லை. அத்தனை கம்பெனி ஆட்களும் வெளியே நின்றார்கள். ஆலங்கட்டி நின்று சடசடவென்று மழை பிடித்திருந்தது. சாக்கடை ஓரத்தில் கொட்டிய அரிசி மாதிரி வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. ரயில் ஓடவில்லை என்றார் ஒருவர். ஆவடியில் கேஸ் பரவிவிட்டது என்றார் இன்னொருவர். என் கட்டைவிரல் செய்த வேலை எனக்கு முன்னாலேயே ஆவடி போய்ச் சேர்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சக்கரம் ஆலங்கட்டியில் வழுக்கி இரண்டு தடவை விழுந்தேன். வேப்பங்கிளை முறிந்து கிடந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கினேன். மனசுக்குள் ஒரே கணக்கு. கிணற்றடிக்குக்கூடப் போகக் கூடாதவள். கிணற்றடிக்கு இருபது எட்டுதான்.

எங்கள் தெருவில் ஆள் இல்லை. கதவுகள் திறந்தபடி அடித்துக்கொண்டன. என் வீட்டுக்குள் பாதிச் சோறு வெந்த பானை. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தாள். ஓட்டுக்கூரையில் நாலைந்து இடத்தில் பொத்தல். பாயெல்லாம் ஓட்டுச் சில். கொடியில் புடவை, பெட்டியில் சாமான், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எதையும் எடுக்காதே என்று சொல்லியிருந்தேன். எடுக்கவில்லை.

வாளியைப் பார்த்தேன். இரண்டு துண்டும் இல்லை.

ஒருத்திக்கு இரண்டு துண்டு எதற்கு? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மயக்கம் வந்ததோ? ரத்தம் ஏதாவது பட்டதோ? நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன்.

தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் வண்டிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் போய்ட்டாங்க நைனா. உன் சம்சாரம்தான் மொதல்ல வெளிய வந்துச்சு. ஊடு ஊடா கதவத் தட்டி, அடுப்ப அணை, எதையும் எடுக்காத, வான்னு அத்தினி பேரையும் கெளப்பிடுச்சு. எனுக்கும்தான் சொல்லுச்சு. எம்மாந் துணி கீது, எப்பிடி வுட்டுட்டு வர்றது?"

"ஓடுச்சா? நடந்துச்சா?"

"அன்ன நடைதான். ஆனா நிக்கல."

"எந்தப் பக்கம்?"

அவர் மேற்கே கையைக் காட்டினார். காற்று வந்த பக்கம்.

தலையில் குண்டான்

கரையான்சாவடிக்குப் போகிற பாதையில் ஒரு பஸ் குறுக்கே விழுந்த மரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் உட்கார்ந்து ஆலங்கட்டியைக் காலருக்குள் விட்டுக் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வேர்க்குருக்கு நல்லதாம் அண்ணாத்தே," என்றார், நான் கேட்காமலே.

"மாசமா ஒரு பொண்ணு... கூட பொம்பளைங்க, பசங்க... மூக்குல துண்டு..."

"அந்தக் கும்பலா? கல்யாண ஊட்டுப் பாத்திரம் ஏத்திகினு ஒரு டெம்போ போச்சு. அதுல ஏறிக்கிச்சுங்க. பசங்க ஒவ்வொண்ணும் தலையில ஒரு குண்டானக் கவுத்துகினு, மேல ஆலங்கட்டி வுழுந்து டிங்கு டிங்குனு... ஊர்கோலம் மாதிரி கீது. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்த வலி."

"அந்தப் பொண்ணு எப்பிடி இருந்துச்சு?"

"அதுவா? டிரைவர் பக்கத்துல ஒக்காந்துகினு, மெதுவா ஓட்டு மெதுவா ஓட்டுன்னு அவன வாங்கு வாங்குனு வாங்குச்சு."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மெதுவாகப் போ என்று சொல்ல முடிந்தால் உயிரோடு இருக்கிறாள். பாதி வழியில் மறுபடி பயம் பிடித்தது. அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால். இப்போது?

சிவப்பு நாற்காலி

அந்த டெம்போ போயிருக்கக்கூடிய வாடகைப் பாத்திரக் கடை என்று கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். கடை முழுக்க அண்டாவும் தவலையும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அன்று அந்த அடுக்குகளுக்கு நடுவே எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் இன்னும் குண்டானைக் கழற்றவில்லை. ஒருவன் தலையில் இன்னொருவன் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான்.

ரிசப்ஷனுக்கு வாடகைக்கு விடுகிற மாப்பிள்ளை நாற்காலி ஒன்று, சிவப்பு வெல்வெட்டு, தங்கக் கலரில் கைப்பிடி, நடுவில் போட்டிருந்தது. அதில் என் கன்னியம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் கீழே முக்காலி. மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு நிறைய முறுக்கு.

"வந்துட்டியா மாமா," என்றாள்.

"வலிக்குதா? எங்கயாவது வலிக்குதா? ரத்தம் கித்தம்..."

"பசிக்குது. சோத்த பாதில வுட்டுட்டு வந்தேன்."

நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன்.

"இன்னாத்துக்கு ரெண்டு துண்டு?"

அவள் நாற்காலிக் கைப்பிடியில் போட்டிருந்த இன்னொரு துண்டை எடுத்தாள். அது இன்னும் ஈரமாகவே இருந்தது. காய விடாமல் நனைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஒண்ணு உனுக்கு. உன்னுத நீ யாருக்காவது குடுத்துட்டு வருவன்னு எனுக்குத் தெரியாதா?"

துண்டின் மூலையில் ஒரு முடிச்சு இருந்தது. "இத்தப் பாரு மாமா. தொடாம, துண்டாலயே புடிச்சு முடிஞ்சு வச்சேன். இன்னா கெமிக்கலுன்னு நீ பாத்துச் சொல்லுவ இல்ல."

அவிழ்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஈரம்தான்.

"தண்ணி," என்றேன். "வெறும் தண்ணி கன்னியம்மா. ஆலங்கட்டியாம். நான்தான் தப்பா ஊதிட்டேன்."

எல்லம்மா அக்கா வாயில் முறுக்கோடு என்னைப் பார்த்தார். தெருவையே ஆலங்கட்டியில் இழுத்து வந்தவளின் புருஷன் நான். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றாள் கன்னியம்மா. "கேஸா இருந்திருந்தா?"

அவ்வளவுதான் சொன்னாள். என் கவலையை எல்லாம் ஒரு ஆள் இப்படி உட்கார்ந்து கேட்டு, ஒன்று விடாமல் ஞாபகம் வைத்து, நடந்தும் காட்டியிருக்கிறாள். அதுவரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை.

"அது கெடக்கட்டும்," என்று எல்லம்மா அக்கா ஆரம்பித்தார். "இன்னா கோதண்டம், உன் பொண்டாட்டிய ராணி மாதிரி ஒக்கார வச்சாச்சு. சுத்தி பொம்பளைங்க அத்தினி பேரும் கீறோம். முறுக்கு கீது. இல்லாதது ஒண்ணுதான். நீ சாக்கு சொல்லிகினே இரு."

கன்னியம்மா மொட்டைக் கை இரண்டையும் வயிற்றின் மேல் வைத்திருந்தாள். பிறகு என் கையை இழுத்து அங்கே வைத்தாள்.

"நீ ஊதுனப்ப ஆரம்பிச்சது. இன்னும் நிக்கல."

உள்ளிருந்து உதைத்தது. பலமாக. இன்னொரு தடவை.

நான் எழுந்தேன். "பக்கத்துல வளையல் கடை எங்க கீது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

வளையல் கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம். குனிந்து நுழைந்தேன். அளவு என்ன என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத் தெரியவில்லை. மாசமானவளுக்குக் கை வீங்கியிருக்குமே, பழைய அளவு சரிப்படுமா? நின்று யோசித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று அளவிலும் வாங்கினேன். பச்சையும் சிவப்பும்.

நடு அளவுதான் சரியாக இருந்தது. எல்லம்மா அக்கா முதலில் போட்டார். சந்தனம் இல்லை, மஞ்சளை மட்டும் கடைக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பெரிய அளவை எங்கள் தெருப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். சின்ன அளவு குண்டான் போட்ட பிள்ளைகளுக்குப் போனது.

சித்திரை கடைசியில் எங்களுக்குப் பெண் பிறந்தாள். கம்பெனிச் சங்கு ஊதினால்கூட விழிக்க மாட்டாள். அம்மா கையை அசைத்தால் கண்ணைத் திறப்பாள்.

ஆனால் என் மனசில் அந்தச் சாயங்காலம்தான் நிற்கிறது. அதே டெம்போவில் திரும்பினோம். மழை விட்டிருந்தது. ரோட்டோரம் கிடந்த வெள்ளை எல்லாம் கரைந்து போயிருந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. நான் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் டிரைவர் பக்கத்தில். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது.

"கைய ஆட்டாத கன்னியம்மா, ஒடஞ்சிடும்!" என்று கத்தினேன்.

அவள் இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, வீடு வந்து சேரும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூட உடையவில்லை.